செம்பூர் ஹோட்டல் அறை: 3 இரவுக்குப் பணம் கட்டி, ஒரே இரவில் காலி செய்துவிட்டோம். பணத்தை எப்படித் திரும்ப வாங்குவது?

கோலிவாடாக்காரி:

வணக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முழுதாகச் சொன்னால்தான் உங்களுக்கும் வழி சொல்ல வசதியாக இருக்கும்.

நாங்கள் இருப்பது மும்பையில் சயான் கோலிவாடாவில், ஒன் ரூம் கிச்சன். சின்னவளுக்கு செட்டா நகர் முருகன் கோயிலில் காதுகுத்து வைத்திருந்தோம். அதற்காக அம்பாசமுத்திரத்திலிருந்து மாமா, அத்தை, கொழுந்தனார் மூன்று பேரும் வந்தார்கள். வீட்டில் எல்லோரும் படுக்க இடம் கிடையாது. மாமாவுக்குப் போன வருஷம்தான் முழங்காலில் ஆபரேஷன் ஆனது, அதனால் லிப்ட் இருக்கிறதா, ஏசி இருக்கிறதா, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஒரு ஆப் மூலமாக செம்பூரில் 3 இரவுக்கு அறை போட்டேன். ஒரு இரவு 2,400, வரியோடு சேர்த்து மொத்தம் 7,560 ரூபாய். வீட்டுக்காரரின் கிரெடிட் கார்டில் முன்கூட்டியே கட்டியாயிற்று. அங்கே போன பிறகு கூடுதல் மெத்தைக்கு என்று 600 ரூபாய் கையில் வாங்கிக்கொண்டார்கள், ரசீது தரவில்லை.

மதியம் பைகளை வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், அறையை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பிப் போனால் லிப்ட் பந்த். மாமா மூன்று மாடி, ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்து ஏறியிருக்கிறார். இந்த மழையில் கட்டில் பக்கத்துச் சுவர் முழுக்க ஓதம், கை வைத்தால் சுண்ணாம்பு விபூதி மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது. ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டி மெத்தையின் கால்மாட்டுப் பக்கம் நனைந்து கிடந்தது. அத்தைக்குக் கழுத்தில் அரிப்பு எடுக்க, கொழுந்தனார் மெத்தையைத் தூக்கி ஓரத் தையலில் மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தால் கருப்புப் புள்ளி புள்ளியாக, நடுவே இரண்டு மூட்டைப்பூச்சி ஊர்கிறது. படமும் ஒரு சின்ன வீடியோவும் எடுத்திருக்கிறார். பதினொன்றரைக்கு கீழே போய்ச் சொன்னதற்கு, வேறு அறை காலி இல்லை, காலையில் மேனேஜர் வருவார் என்று பதில். மூன்று பேரும் விடியும்வரை நாற்காலியிலும் தரையிலுமாக உட்கார்ந்திருந்தார்கள், எங்களுக்கு ஒரு போன் கூடச் செய்யவில்லை, தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று. காதுகுத்துக்கு மடியில் வைக்க வந்தவர்கள் இப்படி உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை.

காலை ஏழு மணிக்கு காலி செய்து சித்தி வீட்டுக்கு அழைத்துப்போய்விட்டோம். மேனேஜர் சொன்னது: இது நான்-ரிஃபண்டபிள் புக்கிங், அதாவது ரத்து செய்தால் பணம் திரும்பாது, ஒன்றும் செய்ய முடியாது. ஆப்பில் கேட்டால், ஹோட்டல் ஒப்புக்கொண்டால்தான் தர முடியும், வேண்டுமானால் 500 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்கிறார்கள். இன்னொன்று, காலி செய்யும்போது ரிஜிஸ்டரில் கையெழுத்து கேட்டிருக்கிறார்கள். கொழுந்தனார் போட்டுவிட்டார். காரணம் என்ற இடத்தில் இந்தியில் "சொந்தக் காரணம்" என்று அவர்களே எழுதியிருந்ததாக இப்போது சொல்கிறார். இதனால் கேஸ் கெட்டுவிடுமா? இது நடந்து நான்கு நாள் ஆகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

முன்னாள் ரிசெப்ஷன்:

நான் அந்தேரி, தாதர் பக்கம் மூன்று ஹோட்டலில் 11 வருஷம் முன்மேசையில் இருந்தவன், இப்போது வேறு வேலை. உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கூப்பனை வாங்காதீர்கள். வாங்கிய நிமிஷம் ஆப்பில் உங்கள் புகார் தீர்ந்தது என்று மூடிவிடுவார்கள், அப்புறம் திறக்க வைப்பது பெரும்பாடு.

அடுத்து, மொத்தம் 7,560 தா என்று ஒரே தொகையாகக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், இரண்டாகப் பிரியுங்கள். தங்காத 2 இரவு ஒரு கணக்கு, தங்கிய ஓர் இரவு வேறு கணக்கு. ஒரே தொகையாகக் கேட்டால் மேனேஜருக்கு வேலை சுலபம், "ஒரு ராத்திரி தங்கினார்களே" என்ற ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் மறுத்துவிடுவார். பிரித்துக் கேட்டால் தங்காத இரண்டு இரவுக்கு அவரிடம் பதிலே கிடையாது, அந்த அறையை அன்றைக்கே வேறு ஆளுக்கு விற்றிருக்கவும் கூடும். 2 இரவுக்கு வரியோடு 5,040 வருகிறது. வரியை விட்டுவிடாதீர்கள், பலரும் வெறும் 4,800 தான் கேட்கிறார்கள், அறையே தராதபோது அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி மட்டும் எதற்கு?

சட்டென்று செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நான் இருந்த இடங்களில் எல்லாம், முன்பணம் ஆப்பில் கட்டியிருந்தால் அந்தப் பணம் விருந்தினர் காலி செய்த பிறகுதான் கமிஷன் போக எங்களுக்கு வரும், சில சமயம் வாரக் கணக்கில். அதுவரை பணம் ஆப்காரர்கள் கையில். போய்விட்டால் திரும்ப வாங்கித் தருவதற்கு அவர்களுக்கே மனசு வராது. அதனால் இன்றைக்கே மெயில் போடுங்கள், சாட்டில் பேசியது போதாது. ஹோட்டல் தன் கணக்கில் உங்களை முதல் நாளே காலி செய்ததாகக் காட்டியிருக்கிறதா, 3 இரவும் தங்கியதாகக் காட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் அது பொய்க்கணக்கு, உங்கள் பக்கம் அதுவே பெரிய பலம்.

ரிஜிஸ்டர் கையெழுத்துக்காக உங்கள் கொழுந்தனாரைக் கோபிக்காதீர்கள். சொந்தக் காரணம் என்று எழுதுவது எங்கள் தொழிலில் பழகிப்போன வழக்கம், நானே எழுதியிருக்கிறேன், தப்புதான். ராத்திரி பதினொன்றரைக்கு எடுத்த படமும் வீடியோவும் இருக்கும்போது அந்தக் கையெழுத்துக்குப் பெரிய மதிப்பில்லை. ஆனால் உண்மையான காரணம் என்ன என்பதை மெயிலில் தேதி, நேரத்தோடு எழுதி, ராத்திரி டூட்டியில் இருந்தவரின் லாக் புக்கில் உங்கள் புகார் பதிவாகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் அப்படி ஒரு நோட்டு உண்டு.

முலுண்ட் அண்ணாச்சி:

தங்கச்சி, மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் 7,500 ரூபாய்க்கு நாலு மாசம் அலைய வேண்டுமா? மும்பையில் மழைக்காலத்தில் இந்த விலைக்கு அறை இப்படித்தான். நான் என் மச்சானுக்குப் போட்ட அறையிலும் இதே கதை, விட்டுவிட்டேன். கூகுளில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

மாட்டுங்கா வாசி:

அண்ணாச்சி, ஓதம் மழையால் வரலாம், மூட்டைப்பூச்சியும் ஓடாத லிப்டும் மழையால் வருவதில்லை. லிப்ட் உண்டு என்று போட்டுக் காசு வாங்கினார்கள் இல்லையா, விஷயம் அங்கேதான் இருக்கிறது.

கோலிவாடாக்காரி, நான் 2022-இல் ஒரு பயண ஏற்பாட்டுக்காரர் மீது நுகர்வோர் ஆணையம் வரை போய்ப் பணம் வாங்கியவன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். நான்-ரிஃபண்டபிள் என்ற நிபந்தனை நீங்களாக மனசு மாறி வேண்டாம் என்று சொல்வதற்கு. சொன்னதைத் தராத ஹோட்டலுக்கு அது கவசம் இல்லை. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020 என்று இருக்கிறது. ஆப் மூலம் விற்பவர், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது என்று அதில் நேராகவே எழுதியிருக்கிறது. அதே விதியில் ஆப் நிறுவனம் குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்தில் கிடைத்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்டில் பேசும் பையன்களிடம் மல்லுக்கட்டாதீர்கள், ஆப்பின் அடிப்பக்கத்தில் அந்த அதிகாரியின் மெயில் முகவரி இருக்கும், அதற்கு எழுதுங்கள், ஹோட்டலுக்கும் நகல் போடுங்கள். விளம்பரப் பக்கத்தில் லிப்ட் என்று போட்டிருப்பதை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். புகார் போனதும் மாற்றிவிடுவார்கள், என் விஷயத்தில் மாற்றினார்கள்.

கூடவே 1915-க்குப் போன் செய்யுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண், காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், நிறுவனத்துக்கு உங்கள் புகாரை அனுப்பிப் பதில் வாங்குவார்கள், பல புகார் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். சேவைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2025 ஜனவரியிலிருந்து இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பிரச்சினை நடந்த நாளிலிருந்து 2 வருஷம் அவகாசம் உண்டு, அதனால் பதற வேண்டாம். புக்கிங் உங்கள் பெயரில், கார்டு வீட்டுக்காரர் பெயரில், தங்கியது மாமனார் மாமியார் என்பதெல்லாம் தடை இல்லை. பணம் கொடுத்தவர் சம்மதத்தோடு சேவையை அனுபவிப்பவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான். படங்களையும் சாட்டையும் சாட்சியாகத் தரும்போது, எந்த போனில் எடுத்தது என்பதற்கு பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்று இணைப்பது நல்லது. அதனால் கொழுந்தனார் போனிலிருந்து அசல் கோப்பை அழிக்கச் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப்பில் வந்த நகல் மட்டும் போதாது.

சட்டம் 3 மாதத்தில் முடிக்கப் பார் என்கிறது, நடப்பில் அதைவிட இழுக்கும். இதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் எனக்குப் பணத்தோடு அலைச்சலுக்கும் செலவுக்கும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்கள்.

தானே தமிழச்சி:

பணம் கிடக்கட்டும், முதலில் அந்தப் பைகள் எங்கே? சித்தி வீட்டில் என்றால் உடனே பால்கனிக்கு எடுத்துவிடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு முறை இப்படித்தான் ஒரு சூட்கேஸோடு வந்து, ஆறு மாசம் நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. துணிகளை எல்லாம் 60 டிகிரி வெந்நீரில் துவைக்கச் சொல்லுங்கள், துவைக்க முடியாததை நல்ல வெயிலில் கருப்புப் பையில் கட்டி வைக்கலாம், ஆனால் இந்த மழையில் வெயிலுக்கு எங்கே போவது, அதனால் இஸ்திரி போடுங்கள். சூட்கேஸின் ஜிப், தையல், சக்கரத்துக்கு உள்பக்கம் எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள்.

அத்தைக்குக் கடித்த தடிப்பு இன்னும் இருந்தால் பக்கத்து டாக்டரிடம் காட்டி தேதி போட்ட சீட்டு வாங்குங்கள். அவருக்கும் நல்லது, உங்கள் புகாருக்கும் உதவும்.

இன்னொன்று, கிரெடிட் கார்டில் கட்டியதால் வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்கலாம், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திருப்பிக் கேட்பது, சொன்னபடி சேவை இல்லை என்ற காரணத்தில். பொதுவாக 120 நாள் கணக்கு சொல்வார்கள், ஆனால் முதலில் ஆப்பிடம் கேட்டு மறுத்ததற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். ஆப்பின் பதிலுக்குக் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வங்கிக்குப் போங்கள், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பணம் கேட்டால் குழப்பம் வரும்.

முன்னாள் ரிசெப்ஷன்:

தமிழச்சி சொன்னது சரி. அண்ணாச்சி சொன்ன கூகுள் விமர்சனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போடுங்கள், ஆனால் "பணம் தராவிட்டால் போடுவேன்" என்று மெயிலில் எழுதாதீர்கள், நீங்கள் மிரட்டுவதாக அதையே திருப்பிவிடுவார்கள். நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் எழுதுங்கள். பார்த்தது இரண்டு பூச்சி என்றால் இரண்டு என்றே இருக்கட்டும்.

கோலிவாடாக்காரி:

எல்லோருக்கும் நன்றி. 12 நாள் கழித்து எழுதுகிறேன்.

அன்றைக்கே குறைதீர் அதிகாரிக்கு மெயில் போட்டேன், இரண்டு கணக்காகப் பிரித்து, படங்கள், வீடியோ, லிப்ட் என்று போட்டிருந்த பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வைத்து. மறுநாளே கிடைத்தது என்று பதில் வந்தது. அடுத்த நாள் 1915-இலும் பதிந்தேன், தமிழில் பேசிய அந்தப் பெண் நான் சொல்லச் சொல்லப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஹோட்டல் கணக்கில் 3 இரவும் தங்கியதாகத்தான் காட்டியிருந்தார்கள், நீங்கள் சொன்னதே சரி, ரிசெப்ஷன் அண்ணா. அறையைக் காலி செய்த அன்று காலை சித்தி வீட்டுக்குப் போன டாக்சியின் ஆன்லைன் பில்லை அனுப்பினேன், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நேற்று 5,040 ரூபாய் கார்டுக்குத் திரும்பிவிட்டது. முதல் இரவுக்குப் பாதி தருகிறோம் என்கிறார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. மெத்தைக்கு வாங்கிய 600-ஐப் பற்றிக் கேட்டால் அப்படி ஒன்று வாங்கவே இல்லை என்கிறார் மேனேஜர். ராத்திரி எடுத்த வீடியோவில் அந்தத் தரை மெத்தை தெரிகிறது, அதை இன்று தனியாக வெட்டி அனுப்பியிருக்கிறேன். பைகளில் பூச்சி எதுவும் இல்லை, தமிழச்சி அக்கா சொன்னபடி எல்லாத் துணியையும் வெந்நீரில் போட்டோம். அத்தையின் தடிப்பும் ஆறிவிட்டது.

மாமா ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு போனில் சொன்னேன். அந்த ஓர் இரவுக் காசையும் கேளும்மா, அவர்களிடம் காசு இருக்கிறது, படியில் ஏறினது என் கால் என்றார். மாதம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் வராவிட்டால் இ-ஜாக்ரிதியில் போட்டுவிட்டு எழுதுகிறேன், மாட்டுங்கா வாசி, அந்த 63-ஆம் பிரிவு சான்று எப்படி எழுத வேண்டும் என்று அப்போது உங்களிடம் கேட்பேன்.