இரண்டு நாளில் 1.7 கிலோ ஏறுமா, இல்லை மெஷின் புளுகுகிறதா?

மதுரைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். வயது 41. இரண்டு மாதமாகக் காலையில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன், ராத்திரி சாதத்தை நிறுத்திவிட்டு இரண்டு சப்பாத்தியோடு சரி. ஆன்லைனில் கண்ணாடித் தட்டு போட்ட டிஜிட்டல் எடை மெஷின் ஒன்று வாங்கி பாத்ரூம் வாசலில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை 71.4 காட்டியது. ஞாயிறு ஒரு கல்யாணம், பந்தியில் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். திங்கள் காலை 73.1! பதறிப்போய் மெஷினைத் தூக்கி ஹாலில் வைத்து ஏறினால் 72.2, மறுபடி வாசலுக்கே கொண்டுவந்தால் 72.8. தெருமுனை மருந்துக்கடை மெஷினில் செருப்போடு 73.5.

மெஷின் டுபாக்கூர், தூக்கிப் போடு என்கிறார் வீட்டுக்காரர். மெஷின் நல்லாத்தான் இருக்கு, மூன்று தடவை பாயசம் வாங்கியது யாரு என்று கேட்கிறார் மாமியார். யார் சொல்வது சரி? இதில் எந்த எண்ணை நான் எழுதி வைப்பது?

தராசுக்காரன்:
கடைத் தராசு ரிப்பேர் செய்வதுதான் என் பிழைப்பு, அதனால் மெஷினைப் பற்றி மட்டும் சொல்கிறேன், பாயசத்தைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும். அந்தத் தட்டைத் திருப்பிப் பாருங்கள், நாலு மூலையிலும் கால் இருக்கும். ஒவ்வொரு காலுக்குள்ளும் ஒரு சின்ன இரும்புப் பட்டை, லோட் செல் என்போம். நீங்கள் ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், வளைந்தால் அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியின் மின்தடை மாறும், நாலு காலிலும் மாறியதைச் சேர்த்துத்தான் கிலோவாகக் காட்டுகிறது. ஆக நாலு காலும் தரையில் ஒழுங்காக ஊன்றாவிட்டால் கணக்கு கோணல்தான். பாத்ரூம் வாசலில் வாட்டம் இருக்கும், டைல்ஸ் இடுக்கில் ஒரு கால் இறங்கியிருக்கும், சில வீடுகளில் கால்மிதி மேலேயே வைத்திருப்பார்கள், கேட்டால் தரை சில்லென்று இருக்கிறதாம்.

இடம் மாற்றினால் முதலில் வருகிற எண்ணை விட்டுவிடுங்கள். காலால் ஒரு தட்டு தட்டி, 0.0 வந்து அணையட்டும், அப்புறம் ஏறுங்கள். இன்னொன்று, சில மெஷின்கள் கொஞ்சம் கள்ளத்தனம் செய்யும். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் இருநூறு முந்நூறு கிராம்தான் வித்தியாசம் என்றால் பழைய எண்ணையே திரும்பக் காட்டும், நாமும் எவ்வளவு துல்லியம் என்று நம்பிவிடுவோம். ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிப் பாருங்கள், எண் அசையவே இல்லை என்றால் அதுதான் சங்கதி.

மெஷின் சரியா என்று பார்க்க வீட்டிலேயே வழி இருக்கிறது. புது கேஸ் சிலிண்டர் வந்த அன்று சீல் பிரிக்காமல் அதை மெஷின் மேல் மெதுவாக வைக்கச் சொல்லுங்கள் (கண்ணாடி, டங்கென்று வைத்துவிடப் போகிறார்கள்). சிலிண்டரிலேயே காலி எடை எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோவைக் கூட்டிக்கொள்ளுங்கள். நூறு, நூற்றைம்பது கிராம் முன்பின் இருக்கலாம். மூன்று தடவை வைத்து எடுத்து மூன்று எண்ணையும் எழுதுங்கள். எனக்கு அந்த எண் சரியா என்பதைவிட மூன்றும் ஒன்றாக வருகிறதா என்பதுதான் முக்கியம். எப்போதும் அரை கிலோ குறைத்துக் காட்டுகிற மெஷினை வைத்துக் குடும்பம் நடத்தலாம், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அதிலும் தெரியும். ஒரு நாள் ஏற்றி ஒரு நாள் இறக்கிக் காட்டுவதைத்தான் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

வார்டுபணி:
நான் நர்ஸ். மாமியாருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிச்சப்பட வேண்டும். 1.7 கிலோவுக்குப் பதின்மூன்றாயிரம். அதுவும் அன்றாடத் தேவைக்கு மேல்! முப்பது கப் பாயசம் குடித்திருந்தாலும் எட்டாது.

ஏறியதில் பெரும்பங்கு தண்ணீர்தான். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சாதாரண சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். செல்லுக்கு வெளியே இருக்கிற நம் உடம்பு நீரும் கிட்டத்தட்ட அந்த உப்பளவில்தான் நிற்கும், அதனால் கல்யாணச் சாப்பாட்டில் அப்பளம், ஊறுகாய், வத்தக்குழம்பு என்று நாலைந்து கிராம் உப்பு கூடுதலாக உள்ளே போனால், சிறுநீரகம் அதை வெளியே தள்ளும்வரை அரை லிட்டர் தண்ணீர் கூடவே தங்கும். அரை லிட்டர் என்றால் அரை கிலோ. அப்புறம் சாதம். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கைத் தசையும் ஈரலும் கிளைக்கோஜன் என்று சேமிக்கும், ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ராத்திரி சாதத்தை விட்டவர்களுக்கு முதல் வாரமே எடை மடமடவென்று குறைவதும், ஒரு விருந்தில் திரும்பி வருவதும் இதனால்தான். போதாததற்குச் சாப்பிட்டது இன்னும் குடலில் இருக்கும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்கள் என்றால் சிலருக்கு ஒன்றிரண்டு கிலோகூட ஏறி இறங்கும், அதை ஏன் யாரும் சொல்லித் தருவதில்லை என்று எனக்கு இன்னும் ஆத்திரம்.

காலையில் எழுந்து, பாத்ரூம் போய்விட்டு, காபிக்கு முன்னால், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில் பாருங்கள். ஏழு நாள் எண்ணைக் கூட்டி ஏழால் வகுத்து, அதைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். ஒற்றை எண் எதற்கும் உதவாது.

பழையபேப்பர்:
இதில் ஒரு ஆள் நமக்கெல்லாம் முன்னோடி. சாந்தோரியோ என்று இத்தாலிய வைத்தியர், தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பாடு, தண்ணீர், கழிவு எல்லாவற்றையும் முப்பது வருடம் நிறுத்துப் பார்த்தவர். 1614-இல் புத்தகமாகவே போட்டார். உள்ளே போன எடையில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் மூச்சாகவும் தோல் வழி ஆவியாகவும் போகிறது என்பது அவர் கண்டது. படுக்கும் முன் ஒரு தடவை, எழுந்ததும் ஒரு தடவை ஏறிப் பாருங்கள், ராத்திரி முழுக்கச் சும்மா தூங்கியே அரை கிலோ போயிருக்கும்.

பரண்:
நான் மெஷினைப் பரணில் போட்டு ஒரு வருடம் ஆகிறது. காலையில் 300 கிராம் ஏறியிருந்தால் அன்று முழுக்கப் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவேன். இப்போது டெய்லர் டேப்தான், தொப்புளை ஒட்டி, மூச்சை விட்டபிறகு, மாதம் ஒரு தடவை. நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருந்தால் நல்லது என்றார் டாக்டர். சராசரி, வகுத்தல் எல்லாம் எனக்கு ஒத்துவராது.

அப்பாவின்_நோட்டு:
பரண் அக்கா சொல்வது ஆரோக்கியமானவர்களுக்குச் சரி. என் அப்பாவுக்கு இதய பலவீனம். தினமும் காலை எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள், மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் காத்திருக்காமல் போன் செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன ஐப்பசியில் 64.2, 65.1, 66.6 என்று ஏறியது. மெஷின் கோளாறு என்றுதான் நானும் நினைத்தேன், பேட்டரிகூட மாற்றினேன். அப்பாவின் கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினேன், விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. போன் செய்ததும் உடனே வரச் சொல்லி, நீர் பிரியும் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். இதயம், சிறுநீரகம் சம்பந்தப்பட்ட நோய் இருப்பவர்கள், கால் வீக்கமோ படுத்தால் மூச்சுத்திணறலோ இருப்பவர்கள் சராசரிக்காக ஒரு வாரம் காத்திருக்கக் கூடாது. கேட்டவருக்கு இது இல்லை என்று நினைக்கிறேன், படிக்கிறவர்கள் யாருக்காவது இருக்கலாம்.

மதுரைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. எனக்குக் கால் வீக்கம், மூச்சுத்திணறல் எதுவும் இல்லை. மெஷினைத் திருப்பிப் பார்த்தேன், ஒரு காலில் ரப்பரே இல்லை! அது கட்டிலுக்கு அடியில் கிடந்தது, பையன் எடுத்துக் கேரம் ஆடியிருக்கிறான். ஒட்டிவிட்டு ஹாலில் மொசைக் தரையில் நிரந்தரமாக வைத்துவிட்டேன். நேற்று சிலிண்டர் வந்தது. காலி எடை 15.7, ஆக 29.9 வர வேண்டும். வந்தது 29.6, 29.7, 29.6. கொண்டுவந்த தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

இன்று வியாழன், பட்டினி எதுவும் கிடக்காமலே 71.8. மாமியார் பதின்மூன்றாயிரம் கலோரிக் கணக்கைக் கேட்டுவிட்டு, அப்படியானால் எனக்கும் ஏறாதே என்று தானும் ஏறிப் பார்த்தார், எண்ணை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்கிறார். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. 30 கிலோவுக்கு 300 கிராம் குறைத்துக் காட்டுகிறது என்றால் என் எடைக்கு 700 கிராம் குறையுமா?

தராசுக்காரன்:
குறையலாம். ஆனால் சனிக்கிழமையும் இதே மாதிரிதான் குறைத்துக் காட்டியிருக்கும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.