புதுப்பிப்பு: பாட்டியின் கோல நோட்டுக் கணக்கு புரிந்துவிட்டது

பாட்டியின் கோல நோட்டில் ‘15 – 8’ என்று மட்டும் எழுதியிருக்கிறது, எப்படிப் புள்ளி வைத்தாலும் கோட்டு இழை சேரவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். நான் நேர்ப்புள்ளியாக, அதாவது ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக வைத்ததுதான் தப்பு. மும்பையில் எங்கள் மாட்டுங்கா கட்டடத்தில் எதிர்வீட்டு மாமி நோட்டைப் பார்த்ததுமே, “இது ஊடுபுள்ளிடீ கொழந்தே” என்றார்.

நடுவரிசை 15. அப்புறம் மேலும் கீழும், இரண்டு புள்ளிக்கு நடுவே ஒன்று விழுகிற மாதிரி 14, 13 என்று 8 வரை. மொத்தம் 169 புள்ளி! பாட்டி இதை விடியற்காலை அரை இருட்டில், பேசிக்கொண்டே வைப்பாள். எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைசி இழை சேர்ந்தபோது அழுகை வந்துவிட்டது.

கோலத்தைச் சுற்றிப் பூசும் காவி மட்டும் பாக்கி. நாளைக்கு வாங்கிக் கரை கட்டிவிட்டுப் படம் போடுகிறேன்.