மறு: கிரானுலர் செல் ட்யூமருக்குத் தமிழில் என்ன பெயர்?

ஐயா, வணக்கம்.

கிரானுலர் செல் ட்யூமர் என்ற கட்டிக்கு நீங்கள் சொன்ன 'நரம்புறைக் கட்டி' என்ற பெயரை இரண்டு நாளாக மனதில் போட்டுப் பார்த்தேன். நரம்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களின் வழியில் இது வருகிறது என்பது சரிதான். எஸ்-100 என்ற புரதத்தைத் தேடும் திசுச் சோதனையில் இது தெரியவருவதும் அதனால்தான். ஆனால் அதே செல்களில் வரும் வேறொரு கட்டியான ஷ்வானோமாவுக்கு அந்தப் பெயர் வேண்டுமே? தவிர, பிறப்பிடத்தை வைத்துப் பெயரிட்டு இதே கட்டியில் ஒருமுறை தவறியிருக்கிறார்கள். 1926-இல் இதை விவரித்த ரஷ்ய நோயியல் மருத்துவர் அப்ரிகோசோவ், தசையில் பிறந்தது என்று எண்ணி மயோபிளாஸ்டோமா என்றார். அந்தப் பெயர் நிற்கவில்லை. நுண்ணோக்கியில் கண்டதைச் சொன்ன பெயர்தான் நின்றது.

காண்பது என்ன? பெரிய செல்கள், உள்ளே பொடிப்பொடியாக லைசோசோம்கள், அதாவது செல்லின் கழிவைச் செரிக்கும் நுண்பைகள். அரிசி புடைக்கும்போது முறத்தில் ஒதுங்குமே, அந்தக் குருணைதான். அதனால் 'கிரானுலர்' என்பதற்குக் 'குருணை' என்கிறேன். 'துகள்' தூசியை நினைவூட்டுகிறது. 'நொய்' நல்ல சொல், ஆனால் ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பானால் 'நோய்' ஆகிவிடும். செல் என்பது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

எனக்கு உறுத்துவது 'கட்டி'தான். எங்கள் வேலூர்ப் பக்கம் உடம்பில் கட்டி என்றால் ஒன்று பழுத்து உடைய வேண்டும், இல்லாவிட்டால் கேன்சர். குடியாத்தத்தில் பீடி சுற்றும் என் சித்திக்கு நாக்கின் மேல் மொச்சைக்கொட்டை அளவில் ஒன்று வந்தது. வலியே இல்லை. ஒரு மருத்துவமனையில் மேலாகக் கிள்ளி எடுத்துச் சோதித்துவிட்டு, புற்றாக இருக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். இந்தக் கட்டிக்கு மேலே இருக்கும் படலம் சில சமயம் தடித்து, விரல் விரலாகக் கீழே இறங்கும். மேல்துண்டை மட்டும் பார்த்தால் புற்று என்றே தோன்றும். வேறு இடத்தில் ஆழமாக எடுத்துப் பார்த்தபோதுதான் குருணைச் செல்கள் தெரிந்தன. அதுவரை சித்தி சரியாகச் சாப்பிடவில்லை. அறிக்கையை நான் தமிழில் எழுதிக் கொடுத்தபோது 'தீங்கற்ற குருணைச்செல் கழலை' என்று போட்டேன். "கழலையா? எங்கம்மாவுக்கு முதுகுல இருந்துதே, அதுவா?" என்றார். அது கொழுப்புக் கழலை, இது வேறு என்று விளக்கினேன். ஆனாலும் முகம் தெளிந்துவிட்டது. முன்கழுத்துக் கழலை என்று பாடநூலில் படித்த சொல்தானே, புதிதாகப் பழக்க வேண்டியதும் இல்லை.

அந்தப் படலத் தடிப்புக்கும் ஒரு சொல் வேண்டும். 'போலிப் பெருக்கம்' என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். பெருக்கம் போலி இல்லையே, அது உண்மையாகவே பெருகுகிறது. புற்று என்ற தோற்றம்தான் போலி. அதனால் 'புற்றுச்சாயல் பெருக்கம்' என்கிறேன். மருத்துவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ள இது போதும். ஆனால் நோயாளி கையில் போகும் தாளில் 'புற்று' என்ற எழுத்தே கண்ணில் படக் கூடாது என்று நினைக்கிறேன். அதற்கு வெறும் 'படலத் தடிப்பு' போதுமா, ஐயா?