52 செவ்ரோலே பிக்கப்புக்குப் புது ஒயரிங் கிட்: 6 வோல்ட்டிலேயே விடலாமா, 12-க்கு மாற்றலாமா?

ராயபுரம் பிக்கப்:
எல்லோருக்கும் வணக்கம். தாத்தா ஓட்டிய செவ்ரோலே 3100 பிக்கப், 1952 மாடல். இன்ஜின் வேலை முடிந்து நன்றாக ஓடுகிறது, ஒயரிங்தான் பயமாக இருக்கிறது. எல்லாம் துணி சுற்றிய பழைய ஒயர், லேசாக வளைத்தாலே மேலுறை பொடியாக உதிர்ந்து செம்பு தெரிகிறது. டேஷுக்குப் பின்னால் யாரோ எப்போதோ டேப் சுற்றிப் போட்ட ஒட்டுகள் வேறு. அமெரிக்காவிலிருந்து சித்தப்பா ஃப்யூஸ் பாக்ஸோடு 12 சர்க்யூட் கிட் ஒன்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். வண்டி இப்போது 6 வோல்ட், டைனமோ. அதை மாற்றாமல் இந்தக் கிட்டைப் போடலாமா? எலக்ட்ரீஷியன் பழையதை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக இழுத்துவிடலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை.

பாடி பட்டறை:
தம்பி, வெட்ட விடாதீர்கள். பழைய ஒயரிங்தான் உங்களிடம் இருக்கும் ஒரே வரைபடம். ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதி, போட்டோ எடுத்து, அப்புறம் முழுசாகக் கழற்றி மொட்டை மாடியில் விரித்து வையுங்கள். புதுக் கிட்டை அதன் பக்கத்தில் போட்டு நீளம் பாருங்கள். யுனிவர்சல் கிட்டில் ஒயர் தாராளமாகவே வரும், வண்டியில் பாதை முடிவான பிறகு வெட்டினால் போதும். பெரும்பாலான கிட்களில் எந்த ஒயர் எதற்கு என்று ஒயர் மேலேயே அச்சடித்திருக்கும்.

இப்போது வோல்ட். அந்தக் கிட் 12 வோல்ட்டுக்குச் செய்தது. கணக்குப் பாருங்கள், ஹெட்லைட் இரண்டும் சேர்த்து 90 வாட் என்றால் 12 வோல்ட்டில் ஏழரை ஆம்பியர், அதே வெளிச்சத்துக்கு 6 வோல்ட்டில் 15 ஆம்பியர். 6 வோல்ட் வண்டிக்கு ஒயர் தடிமனாக வேண்டும், இல்லையென்றால் ஒயர் சூடாகும், விளக்கு மஞ்சளாக அழும். கிட் போடுவதென்றால் 12-க்கு மாறுங்கள். செவ்ரோலேயில் ஏற்கெனவே நெகட்டிவ் எர்த்தான், அதாவது பேட்டரியின் நெகட்டிவ்தான் பாடியில் இணைந்திருக்கும், அது ஒரு நிம்மதி. அந்தக் காலத்து ஃபோர்டு, ஃபார்கோ எல்லாம் பாசிட்டிவ் எர்த். பல்பு, இக்னிஷன் காயில், ஹாரன் மாற்ற வேண்டும். பெட்ரோல் கேஜுக்கு வோல்டேஜ் குறைக்கும் ரெடியூசர் வேண்டும். ஆயில் கேஜும் டெம்பரேச்சர் கேஜும் கரண்டில் ஓடுபவை அல்ல, தொடாதீர்கள். காலால் மிதிக்கும் அந்த செல்ஃப் 12-லும் சுற்றும், ஆனால் வேகமாகச் சுற்றும், ஸ்டார்ட் ஆனதும் காலை எடுத்துவிடுங்கள்.

அம்பத்தூர் ஆல்டர்னேட்டர்:
அண்ணன் சொன்னதோடு இரண்டு விஷயம். ஒன்று, டேஷில் சார்ஜ் கரண்ட்டைக் காட்டும் ஆம்மீட்டர். பழைய அமைப்பில் சார்ஜ் கரண்ட் முழுக்க அது வழியாகத்தான் போகும், அதுவும் டைனமோ தருகிற கரண்டுக்காகச் செய்தது. 12-க்கு மாறும்போது டைனமோவுக்குப் பதில் போடும் 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை அதில் கோர்த்தால் டேஷுக்குப் பின்னால் தீப்பிடிக்கும், மிகைப்படுத்திச் சொல்லவில்லை. சார்ஜ் ஒயரை நேராக பேட்டரிக்குக் கொண்டுபோங்கள், பேட்டரிக்குப் பக்கத்திலேயே பெரிய ஃப்யூஸ். ஆம்மீட்டர் அழகுக்கு இருக்கட்டும், கீழே சின்ன வோல்ட்மீட்டர் வையுங்கள்.

இரண்டாவது, ஆல்டர்னேட்டர் போட்டால் சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் நிற்காமல் ஓடலாம். நிறையப் பேர் சாவி சுவிட்ச் கெட்டுவிட்டது என்று மாற்றுவார்கள். ஆல்டர்னேட்டரின் சார்ஜ் லேம்ப் முனையிலிருந்து கரண்ட் திரும்பி வந்து காயிலுக்குப் போவதுதான் காரணம். அந்த ஒயரில் ஒரு 3 ஆம்பியர் டையோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) போடுங்கள், கோடு போட்ட பக்கம் ஆல்டர்னேட்டரைப் பார்த்து. ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

திருவான்மியூர் ஜீப்:
ராயபுரம் என்றால் கடல் காற்று. ஒயர் நன்றாக இருந்தும் ஜாயிண்டில் பச்சை பூத்து வண்டி படுத்துவிடும். ஒயர் முனையில் மாட்டும் ஈயம் பூசிய செம்பு லக், அதை ஒயரோடு இறுக அழுத்தும் நல்ல கிரிம்பிங் டூல், சூடாக்கினால் சுருங்கும், உள்ளே பசை இருக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், இந்த மூன்றிலும் காசு பார்க்காதீர்கள். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. சோல்டரிங்தான் பலம் என்று சிலர் சொல்வார்கள், ஆனால் ஈயம் ஏறிய இடத்தில் ஒயர் விறைத்து, அந்த விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு தாங்காமல் உடையும்.

எர்த்தை யாரும் சொல்லவில்லை. இன்ஜினும் கேபினும் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கின்றன. இன்ஜினிலிருந்து சேசிஸுக்கு ஒரு தடித்த பட்டை, கேபினிலிருந்து சேசிஸுக்கு இன்னொன்று, பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பில் போல்ட் போட்டு, முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் டேங்குக்கும் தனி எர்த்.

ராயபுரம் பிக்கப்:
ரொம்ப நன்றி, 12-க்கே போகிறேன். வண்டியில் இண்டிகேட்டரே கிடையாது, புதிதாக வைக்கிறேன். பின்னால் பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் ஒரே பல்பில் வரும்படி கிட்டில் இருக்கிறது, பிரேக் ஒயரை நேராகப் பின்னால் கொண்டுபோகலாமா?

பாடி பட்டறை:
கூடாது தம்பி. ஒரே பல்பு என்றால் பிரேக் ஒயர் முதலில் இண்டிகேட்டர் சுவிட்சுக்குள் போய், அங்கிருந்து இடது வலது என்று பிரிந்துதான் பின்னால் போக வேண்டும். நேராகக் கொண்டுபோனால் ஒரு பக்கம் இண்டிகேட்டர் போடும்போது இரண்டு பக்கமும் மின்னும். என்னைக் கேட்டால் தனி ஆரஞ்சு இண்டிகேட்டர் வையுங்கள், நம்ம ஊர் டிராபிக்கில் பின்னால் வருகிற பைக்காரனுக்குத் தெளிவாகத் தெரியும். பிரேக் ஒயரும் தனியாகப் போய்விடும்.

எல்லாம் முடிந்ததும் பேட்டரியை நேராக மாட்டாதீர்கள். ஃப்யூஸ் எல்லாம் கழற்றி, சுவிட்ச் எல்லாம் அணைத்து, பேட்டரி நெகட்டிவுக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு 21 வாட் பல்பைக் கோருங்கள். பல்பு பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட். எரியவில்லை என்றால் ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் போட்டு வாருங்கள், எதில் எரிகிறதோ அந்த லைனை மட்டும் தேடினால் போதும். கிட்டோடு வந்த டயாகிராமைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், டிம்மர் சுவிட்ச் ஒயரைச் சேர்ந்து பார்த்துவிடலாம்.