கனடாக் கேத்தலை இங்கே செருகலாமா? 6.5 அம்பியரா, 24 அம்பியரா?

வெள்ளவத்தை மாடிவாசி:
கனடாவிலிருந்து வந்த பெரியம்மா ஒரு மின்கேத்தல் தந்தார். அடியில் 120 வோல்ட், 1500 வாட் என்று இருக்கிறது. தட்டைக் கால் பிளக்குக்கு அடப்டரும் வாங்கியாயிற்று, இன்னும் செருகவில்லை. வலு (வாட்) என்றால் அழுத்தம் (வோல்ட்) தர ஓட்டம் (அம்பியர்) தானே? இங்கே வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 1500ஐ 230ஆல் பிரித்தால் 6.5 அம்பியர். 13 அம்பியர் பிளக் தாராளமாகத் தாங்கும். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் தங்கச்சியோ 24 அம்பியர் போகும், தொடாதே என்கிறாள். யார் கணக்கு சரி?

கொட்டாஞ்சேனை வயரிங்:
தங்கச்சி சொல்வதுதான் சரி தம்பி. 1500 வாட் என்பது 120 வோல்ட் கொடுத்தால் மட்டும் வரும் வலு. மாறாமல் இருப்பது உள்ளே இருக்கும் சுருளின் தடை. 1500 ÷ 120 = 12.5 அம்பியர். 120 ÷ 12.5 = 9.6 ஓம். அதே 9.6 ஓமுக்கு 230 வோல்ட் கொடுத்தால் கிட்டத்தட்ட 24 அம்பியர், வலு சுமார் 5500 வாட். அழுத்தம் இரண்டு மடங்குகூட ஏறவில்லை, வலு மூன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. வலு அழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும். அடப்டர் காலின் வடிவத்தைத்தான் மாற்றும்.

வெள்ளவத்தை மாடிவாசி:
செருகாமலே, சுவிட்சை அழுத்திவைத்து மல்டிமீற்றரால் பார்த்தேன். 9.8 ஓம் காட்டுகிறது, 9.6 இல்லை. அப்புறம், 24 அம்பியர் போனால் பிளக்கில் உள்ள பியூஸ் போய்விடும்தானே, பிறகென்ன பயம்?

பழைய விஞ்ஞான ஆசிரியர்:
மீற்றரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.2, 0.3 ஓம் காட்டினால் அதைக் கழியுங்கள், கணக்கு ஒத்துவரும். கேத்தலுக்குள் இருக்கும் நிக்குரோம் என்ற உலோகக் கலவைச் சுருள் சூடேறினாலும் தடை சில சதவீதம்தான் கூடும். குண்டு பல்பில் இப்படி அளந்து குழம்ப வேண்டாம்: 230 வோல்ட், 100 வாட் பல்பு எரியும்போது 529 ஓம், குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

பியூஸை நம்பாதீர்கள். 13 அம்பியர் பியூஸ் 24 அம்பியரில் உடனே போகாது, சில நிமிடங்கள்கூடத் தாக்குப்பிடிக்கலாம். ஒரு லீற்றர் தண்ணீர் 5500 வாட்டில் ஒரு நிமிடத்துக்குள் கொதித்துவிடும். அதற்குள் அடப்டரோ கேத்தலின் சுவிட்சோ உருகலாம்.

தெகிவளை ரேடியோக்காரர்:
நடுவில் ஒரு டயோட், அதாவது ஓட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு, போட்டால்? பாதி அலைதானே போகும்.

கொட்டாஞ்சேனை வயரிங்:
பாதி என்றாலும் 2750 வாட் வருகிறதே அண்ணா! 1500க்குச் செய்த சுருளுக்கு அதுவும் கூடத்தான். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 230 வோல்ட்டை 120 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்போமர் தேடலாம், ஆனால் 500 வாட் சின்னது காணாது. 1500க்கு மேல் தொடர்ந்து தாங்குவது வேண்டும், அதைத் தூக்கவே ஆள் தேவை. 230 வோல்ட் கேத்தல் ஒன்று வாங்குவது புத்தி.

வெள்ளவத்தை மாடிவாசி:
சரி, கேத்தல் பெரியம்மாவோடு திரும்பிப் போகட்டும். அவர் தந்த லப்டொப் சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கிறது. அதுவும் ஆபத்தா?

பழைய விஞ்ஞான ஆசிரியர்:
அதைத் தாராளமாகச் செருகலாம். லப்டொப்புக்கு வேண்டிய வலுவை மட்டும் எடுக்கும்படி சார்ஜருக்குள் இருக்கும் சுற்று பார்த்துக்கொள்ளும். அழுத்தம் கூடினால் ஓட்டம் குறையும். நீங்கள் முதலில் போட்ட 6.5 அம்பியர் கணக்கு இந்த மாதிரிச் சாதனத்துக்குத்தான் பொருந்தும்.