12 வயசுக்குள்ள பசங்களுக்கு ஃபுட்பால் கோச்சிங்: சம்பளமில்லாம போறேன், எப்படி ஆரம்பிக்கலாம்?

ஞாயித்துக்கிழமை_ஆட்டக்காரன்:
வியாசர்பாடிப் பக்கம் ஒரு மைதானத்துல சனி, ஞாயிறு காலைல 6.30-ல இருந்து 7.45 வரைக்கும் ஃபுட்பால் சொல்லித்தர ஒத்துக்கிட்டிருக்கேன். 10-12 வயசு, 18 பேர், அதுல 5 பொண்ணுங்க. பாதிப் பேருக்கு பூட்ஸ் கிடையாது. பந்து 6. காலேஜ் டீம்ல ஆடியிருக்கேன், சொல்லிக்குடுத்துப் பழக்கமில்ல. 75 நிமிஷத்தை எப்படிப் பிரிக்கிறது? இன்னொண்ணு, கோச்சா போனா பொறுமை வரும், நாலு பேர் முன்னாடி பேச வரும், ஆபீஸ்லயும் கைகொடுக்கும்னு சொல்றாங்க. அது தானா வருமா?

லெஃப்ட்_பேக்:
தானா வர்றது தொண்டைக்கட்டு மட்டும்தான் ப்ரோ. மத்ததுக்கெல்லாம் வேலை செய்யணும்.

முதல்ல நேரம். 10 நிமிஷம் பந்தோட வார்ம்-அப், 15 நிமிஷம் ஏதாவது ஒரே ஒரு திறமை, 35 நிமிஷம் குட்டி மேட்ச். நடுவுல ரெண்டு தடவை அஞ்சஞ்சு நிமிஷம் தண்ணி, கடைசி 5 நிமிஷம் பேச்சு.

நல்லா ஆடினவங்க கோச்சா வந்ததும் செய்யற தப்பு, பசங்களை வரிசையா நிக்கவெச்சு கோல் அடிக்க விடுறது. ஒரு ஷாட்டுக்கு 15 செகண்ட்னு வைங்க. 18 பேருக்கு ஒரு சுத்து வர நாலரை நிமிஷம். 20 நிமிஷத்துல ஒரு பையன் நாலு தடவை உதைப்பான், மிச்ச நேரம் முன்னாடி நிக்கிறவன் சட்டையை இழுத்துட்டு இருப்பான். அப்புறம் 'அடங்க மாட்டேங்கிறாங்க'ன்னு நாம கத்துவோம்.

அதுக்குப் பதிலா 20-க்கு 15 மீட்டர்ல மூணு ஆடுகளம் போடுங்க. ஒவ்வொண்ணுலயும் மூணுக்கு மூணு, கோல்கீப்பர் வேண்டாம், கோல் அகலம் ஒன்றரை மீட்டர். எல்லையும் கோலும் காட்ட களத்துக்கு 8 கோன் (பிளாஸ்டிக் கூம்பு), ஆக 24. ஒரு பந்து உள்ள, ஒண்ணு வெளிய ரெடியா. நாலு நிமிஷ ஆட்டம். ஜெயிச்ச டீம் மேல் களத்துக்கு, தோத்தது கீழ் களத்துக்கு. டிரான்னா பூவா தலையா. களத்துக்கு 3 பிப் (டீமைப் பிரிச்சுக் காட்ட சட்டைக்கு மேல மாட்டுற கலர் பனியன்) போதும், ஆனா ஆட்டம் முடிஞ்சதும் அங்கேயே கழட்டிப் போட்டுட்டுப் போகச் சொல்லுங்க. மாட்டிக்கிட்டே போனா அடுத்த களத்துல ரெண்டு டீமும் ஒரே கலர்ல நிக்கும்.

பந்து இந்த வயசுக்கு சைஸ் 4. வெறுங்காலோட ஆடுற பசங்க இருக்கறதால கல்லு மாதிரி காத்தடிக்காதீங்க, கட்டைவிரலால அழுத்தினா லேசா அமுங்கணும். பம்ப் பின்னைத் தண்ணில நனைச்சுட்டுச் சொருகுங்க, காய்ஞ்ச பின் வால்வைக் கிழிச்சிடும்.

இப்போ உங்க ரெண்டாவது கேள்வி. பாக்கெட்ல போனை ரெக்கார்டிங்ல போட்டுட்டு ஒரு செஷன் நடத்துங்க. வீட்டுக்கு வந்து கேக்கவே கூச்சமா இருக்கும், கேளுங்க. ஒவ்வொரு விளக்கமும் எத்தனை செகண்ட் போகுதுன்னு பாருங்க. 30-ஐத் தாண்டினா பசங்க கவனம் காக்காய்க்குப் போயிடும். அப்புறம் 'பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு'ன்னு எத்தனை தடவை கத்தினீங்கன்னு எண்ணுங்க. பந்து கால்ல இருக்கும்போது நீங்க வழி சொன்னா அவன் தலை நிமிர்ந்து பாக்கவே கத்துக்க மாட்டான். ஆட்டம் நின்னதும் 'அப்போ பாஸ் வாங்க யாரு ஃப்ரீயா நின்னாங்க?'ன்னு கேட்டுட்டு வாயை மூடிக்கங்க. பதில் வர அஞ்சு செகண்ட் ஆகும், அந்த அஞ்சு செகண்ட் சும்மா இருக்கறதுதான் கஷ்டம். ஆபீஸ் மீட்டிங்ல கைகொடுக்கறதும் அதுதான்.

பேசும்போது வெயில் உங்க கண்ல படற மாதிரி நில்லுங்க, பசங்க கண்ல படக்கூடாது. குத்துக்கால் போட்டு உக்காந்துட்டா கத்தத் தேவையே இருக்காது.

விசில்_அக்கா:
தம்பி, ஆட்டத்துக்கு முன்னாடி சில விஷயம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பா அம்மா போன் நம்பர், வீசிங், வலிப்பு, அலர்ஜி இருக்கான்னு எழுதி வாங்குங்க. வீசிங் இருக்கற பிள்ளையோட இன்ஹேலர் வீட்டுல இல்ல, மைதானத்துல இருக்கணும். எப்பவும் பெரியவங்க ரெண்டு பேர், பொண்ணுங்க இருக்கறதால அதுல ஒருத்தர் பெண். எந்தப் பிள்ளையையும் தனியா வண்டில கூட்டிட்டுப் போகாதீங்க, தனியா மெசேஜ் அனுப்பாதீங்க. பிள்ளைங்களைப் பாலியல் குற்றத்துல இருந்து காப்பாத்தற போக்சோ சட்டத்துல (2012) தப்பு நடந்தது தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அதுவே குற்றம். குழந்தைங்க உதவி எண் 1098-ஐ போன்ல சேவ் பண்ணிக்கங்க.

தலைல அடிபட்டா அன்னிக்கு அதோட ஆட்டம் முடிஞ்சது, 'நல்லா இருக்கேன்'னு பிள்ளை சொன்னாலும். வாந்தி, குழப்பம், தூக்கக் கலக்கம்னா நேரா ஆஸ்பத்திரி. ஹெட்டிங் (பந்தைத் தலையால முட்டறது) சொல்லித்தர அவசரமே வேண்டாம். இங்கிலாந்துல 2020-லயே பிரைமரி வயசுப் பிள்ளைங்களுக்குப் பயிற்சில அதை நிறுத்தச் சொல்லிட்டாங்க.

விசிலுக்கு முன்னாடி மைதானத்தை ஒரு சுத்து நடந்து கண்ணாடி, ஆணி பொறுக்குங்க. நகர்த்துற கோல்போஸ்ட்ல பசங்க தொங்குவாங்க, பின்பக்கம் மணல் மூட்டை போடாம விடாதீங்க.

ஓரக்கோடு:
லெஃப்ட்_பேக் சொன்ன மேல் களம், கீழ் களம் முறைல எனக்கு உடன்பாடில்ல. மூணாவது வாரமே கீழ் களத்துல அதே ஆறு பேர்தான் இருப்பாங்க, அப்புறம் அவங்கதான் முதல்ல நின்னுபோவாங்க. ரெண்டு ரவுண்டுக்கு ஒருக்கா டீமையே கலைச்சுப் போடுங்க. பேரன்ட்ஸ்கிட்டயும் முதல் நாளே சொல்லிடுங்க, எல்லாப் பிள்ளைக்கும் சம நேரம், கோட்டுக்கு வெளிய கைதட்டல் மட்டும். அடுத்த மாசம் சொன்னா சண்டையாயிடும்.

லெஃப்ட்_பேக்:
டீம் கலைக்கிறது சரி, ஒத்துக்கறேன். ஆனா களம் மாறுறதை எடுத்துடாதீங்க. அது இல்லேன்னா நாலு நிமிஷம் ஓட மாட்டாங்க.

ஞாயித்துக்கிழமை_ஆட்டக்காரன்:
ரொம்ப நன்றி. 17 பேர்தான் வந்தாங்கன்னா?

லெஃப்ட்_பேக்:
ஒரு களத்துல ரெண்டுக்கு ரெண்டு, அஞ்சாவது ஆள் ஜோக்கர். பந்து யார்கிட்ட இருக்கோ அந்த டீமுக்கு ஆடுவான். ஜோக்கரை ஆட்டத்துக்கு ஆட்டம் மாத்துங்க. ஆள் குறையுதேன்னு நீங்க உள்ள இறங்கிடாதீங்க, பந்து முழுக்க உங்க கால்லதான் இருக்கும்.