டொரொண்டோ கண்டோ (அடுக்குமாடி வீடு) மாதிரி எலிவேஷன் (கட்டட முகப்பு) கேட்கிறார்கள். அங்கேயே முகம் கெட்டுப்போனதை இங்கே கட்டலாமா?

பெருங்குடிவாசி:

வணக்கம். சென்னை ஓ.எம்.ஆர் பக்கம் ஒரு பழைய குடியிருப்பை இடித்துவிட்டு ஸ்டில்ட் (தூண்கள் மட்டும் நிற்கும் கார் நிறுத்தத் தளம்) + 5 தளம், மொத்தம் 20 வீடு வரப்போகிறது. கடல் 2 கி.மீ.க்குள். சாலை முகம் கிழக்கு. நீளப் பக்கங்கள் தெற்கும் வடக்கும். உரிமையாளர்களில் பாதிப் பேருக்கு மேல் டொரொண்டோ, வான்கூவர் கண்டோ படங்களைக் காட்டி அதே மாதிரி வேண்டும் என்கிறார்கள்: தரையிலிருந்து சீலிங் வரை கண்ணாடி, கண்ணாடிக் கைப்பிடி வைத்த நீள பால்கனி, கரிச்சாம்பல் ஏசிபி (அலுமினியத் தகட்டுப் பலகை), சன்ஷேடே இல்லாத வழுவழு முகம். ஆனால் கனடாவில் இருக்கும் நம்மவர்களே அந்த ஊர்க் கட்டடங்களைச் சாம்பல் பெட்டி என்று குறைப்படுகிறார்கள்.

இது ரசனைக் குறைவா, இல்லை கட்டும் முறையிலேயே கோளாறா? கட்டும் முறை என்றால் எந்த இடத்தில், எத்தனை மி.மீ.யில் தப்பு நடக்கிறது? ஆர்க்கிடெக்ட்டிடம் குறிப்பாகக் கேட்கும்படி சொல்லுங்கள்.

நீர்வடி:

ரசனையெல்லாம் அப்புறம்தாங்க. முதல் காரணம் தண்ணி. கட்டடத்து முகத்துல விழுற மழை எந்த வழியா கீழ இறங்குதுன்னு யோசிக்காம வரைஞ்ச எலிவேஷன், எந்த ஊரா இருந்தாலும் அஞ்சு வருஷத்துல அழுது வடியும்.

வான்கூவர் கதையை உங்க ஆட்களுக்குக் கண்டிப்பா சொல்லுங்க. 1980கள், 90கள்ல அங்க மரச்சட்டத்துல 3, 4 மாடி கண்டோ நிறைய எழும்புச்சு. வெயில் ஊர் வீடுகளோட சாயல்ல வெளிப்பூச்சு, தட்டையான முகம், கூரைக்கு வெளிநீட்டம் கிடையாது. குளிர்காலம் முழுக்க மழை தூறுற ஊர் அது. ஜன்னல் மூலை, பால்கனி சேர்ற இடம், பூச்சுல மயிரிழை வெடிப்பு, இப்படி எது கிடைச்சாலும் தண்ணி உள்ள போச்சு. உள்ள போனது வெளிய வர வழியில்ல, காய வழியும் இல்ல. வெளிய பார்த்தா சுவர் நல்லாத்தான் இருக்கும், உள்ள மரம் மக்கிக்கிட்டிருக்கும். 1998ல மாகாண அரசு முன்னாள் மாகாண முதல்வர் டேவ் பாரெட் தலைமையில விசாரணைக் கமிஷன் போடுற அளவுக்குப் போச்சு. மொத்த நஷ்டம் சுமார் 400 கோடி டாலர்னு சொல்றாங்க. அதுக்கப்புறம்தான் வெளித்தோலுக்கும் உள்சுவருக்கும் நடுவுல இடைவெளி விட்டு, ஒவ்வொரு தளத்துலயும் தகடு வெச்சு, புகுந்த தண்ணியை வெளிய தள்ளுற முறை அங்க கட்டாயமாச்சு.

கவனிக்க வேண்டிய இடம் இது. கூரை நீட்டம், தடிச்ச சுவர் இதெல்லாம் தளப் பரப்புக் கணக்குல சேர்ந்துச்சு. அதனால விற்கிற பரப்பைக் காப்பாத்த முதல்ல வெட்டுனது நீட்டத்தைத்தான். நம்ம எலிவேஷன்ல சன்ஷேடு காணாமப் போறதும் அதே மாதிரி வியாபாரம்தான்.

நம்ம செங்கல் சுவர் மக்காது. ஆனா ஜன்னலுக்குக் கீழ ரெண்டு மூலையிலயும் மீசை மாதிரி கருப்புத் தாரை இறங்கும். அதைத் தடுக்க:

ஜன்னல் அடிக்கல் (ஜன்னலுக்கு அடியில படுக்க வைக்கிற கல்) சுவரை விட்டு 40–50 மி.மீ. வெளிய வரணும், வெளிப்பக்கமா 1:10 சரிவு. அடியில, ஓரத்துலேர்ந்து 25 மி.மீ. உள்ள தள்ளி, 10 மி.மீ. அகலம் 10 மி.மீ. ஆழத்துல ஒரு சொட்டுக் காடி, அதாவது தண்ணி சுவருக்கு ஓடாம அங்கயே சொட்டி விழ ஒரு பள்ளக் கோடு. ரெண்டு முனையிலயும் கல் ஜன்னல் திறப்பைத் தாண்டிக் கொஞ்சம் நீளணும். அந்த முனையைத் திறப்போட சரியா வெட்டி விடுறதாலதான் மீசை வருது. சன்ஷேடு, பால்கனி, லாஃப்ட் நீட்டம் எல்லாத்துக்கும் அடியில அதே காடி. சென்ட்ரிங் அடிக்கும்போதே 10 மி.மீ. மரச்சட்டம் ஆணி அடிச்சு வெச்சா காசே ஆகாது. மறந்துட்டா அப்புறம் பூச்சுல வெட்டணும், அது நேரா வராது.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோட தலை உள்பக்கம் சரியணும். வருஷம் முழுக்க அது மேல உட்காருற தூசி முதல் மழையில எந்தப் பக்கம் இறங்குதுங்கிறதுதான் விஷயம். மேஸ்திரி பழக்கத்துல தட்டையா முடிச்சா பாதித் தூசி சாலை முகத்துல இறங்கும்.

வரைபடத்தாள்:

தண்ணீர் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் கனடா நகரங்களில் கட்டடங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருப்பதற்கு விதிகளும் காரணம். வரைபவர் கையெழுத்துப் போடும் முன்பே பெட்டியின் அளவு முடிவாகிவிடுகிறது.

டொரொண்டோவின் 2013 உயரக் கட்டட வழிகாட்டுதல்படி டவரின் ஒரு தளம் 750 ச.மீ.க்கு மிகக் கூடாது. டவருக்கும் டவருக்கும் 25 மீட்டர் இடைவெளி வேண்டும். இரண்டும் நல்ல நோக்கத்தோடு வந்தவை: வெளிச்சம் கிடைக்கும், தெருவில் நிழல் குறையும். விளைவு, அகன்ற அடித்தட்டின் மேல் ஒரே பருமனுள்ள குச்சிகள். நடுத்தர உயரக் கட்டடங்களுக்கு 45 பாகை சாய்கோடு ஒன்றைப் போட்டு, அதற்குள் அடங்க வேண்டும் என்றார்கள். கட்டடம் படிப்படியாகப் பின்வாங்கியது. அந்த ஒவ்வொரு படியும் ஒரு மொட்டைமாடி. கீழே ஒருவர் வீட்டு ஹால். நீர்க்காப்பு, வெப்பக்காப்பு, வடிகால் எல்லாம் ஒவ்வொரு படியிலும் புதிதாகச் செய்ய வேண்டும். செலவு அங்கே போய்விட, முகத்துக்கு மலிவான பலகைதான் மிஞ்சுகிறது.

இதைவிடப் பெரியது மாடிப்படி விதி. இரண்டு தளத்துக்கு மேல் போனால் இரண்டு வெளியேறு படிகள் வேண்டும் என்பது கனடாவின் நெடுநாள் விதி. இரண்டு படிகளை இணைக்க நீள நடைபாதை, அதன் இருபுறமும் வீடுகள். ஒரு பக்கம் மட்டுமே ஜன்னல் உள்ள வீடு அப்படித்தான் பிறக்கிறது. உள்ளே வெளிச்சம் வேண்டும் என்பதால் அந்த ஒரு முகம் முழுக்கக் கண்ணாடியாகிறது. பிரிட்டிஷ் கொலம்பியா 2024இல்தான் 6 தளம் வரை ஒற்றைப் படியை நிபந்தனைகளோடு அனுமதித்தது.

உங்கள் கட்டடத்துக்கு அந்தக் கட்டாயமே இல்லை. ஒரு படிக்கட்டைச் சுற்றி 4 வீடு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் ஜன்னல் என்ற அமைப்பு சென்னையில் சாதாரணம். 18.30 மீட்டருக்குள், எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப் பரப்பு கட்டலாம் என்ற கணக்கு) 2.0 என்ற வரம்பில் அதுவே நன்றாகப் பொருந்தும். அவர்கள் வேறு வழியின்றி வைத்த கண்ணாடிச் சுவரை, வழி இருக்கும் நீங்கள் ஏன் வைக்க வேண்டும்?

நம் பக்கத்து அசிங்கம் ஸ்டில்ட்டில் இருக்கிறது. அது எஃப்எஸ்ஐயில் சேராது என்பதால் தெருவோடு பேச வேண்டிய தளம் முழுவதும் இருட்டுக் குகையாகிறது. படிக்கட்டு, மீட்டர் அறை, வாட்ச்மேன் அறை மூன்றையும் சாலைப் பக்கம் கொண்டுவாருங்கள். கார் வழியை ஒரே ஒரு திறப்பாகச் சுருக்கி, மீதியில் ஜாலிச் சுவர் வையுங்கள். காற்றும் போகும், டயர்களும் தெரியாது.

கம்பிகட்டி:

கனடா என்றதும் எல்லாரும் கான்கிரீட்டைத் திட்டுவார்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை. டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் ரோபார்ட்ஸ் நூலகம் (1973, 14 மாடி) கோட்டை மாதிரி இருக்கிறது என்று பலருக்கும் பிடிக்காது. ஆனால் அதன் விளிம்புகள் இன்றும் கூராக நிற்கின்றன. மாண்ட்ரியலில் மோஷே சாஃப்டி 354 முன்வார்ப்புப் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய ஹாபிடாட் 67இல் ஒரு வீட்டின் கூரை இன்னொரு வீட்டின் தோட்டம். பிடிக்கிறதா என்பது வேறு. அங்கே ஒரு எண்ணம் இருக்கிறது. ஒட்டாவாவின் தேசிய கலை மையம் (1969) சொரசொரப்பான கான்கிரீட் பலகைகளால் ஆனது. வழுவழு முகத்தில் நீர் நாலே தாரையாக ஓடிக் கோடு போடும். சொரசொரப்பில் அது உடைந்து பரவிவிடும். கோடு தெரியாது.

கான்கிரீட்டை அங்கே கெடுப்பது உறைபனியும் உப்பும். துளையில் புகுந்த நீர் உறைந்து விரிந்து மேல்தோலை உரிக்கும். பனி உருக்கச் சாலையில் தூவும் உப்பு காரோடு பார்க்கிங் தளத்துக்கு வந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். அதனால் அப்படிப்பட்ட தளங்களுக்குக் குறைந்தது 35 மெகாபாஸ்கல் வலு, நீர்–சிமெண்ட் விகிதம் 0.40க்கு மேல் போகாமல், 5–8 சதவீதம் நுண்காற்றுக் குமிழ் என்று அவர்களின் தரக்குறிப்பு கேட்கிறது.

நமக்கு உறைபனி இல்லை, உப்பு இருக்கிறது. கடற்காற்று கொண்டுவரும் குளோரைடு அதே வேலையைத்தான் செய்யும். நம் நாட்டுக் கான்கிரீட் தரக்குறிப்பான ஐஎஸ் 456இல் கடலோரம் 'கடுமை' வகை: குறைந்தது எம் 30 கான்கிரீட், கன மீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட், நீர்–சிமெண்ட் 0.45, கம்பிக்கு மேல் மூடாக்கு 45 மி.மீ. சைட்டில் பார்த்தால் மூடாக்குக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் எங்கும் 20 மி.மீ.தான் கிடக்கும். பால்கனி முனையில் முதலில் பழுப்புக் கறை, அடுத்து கம்பி நீளத்துக்கு வெடிப்பு, பிறகு துண்டு துண்டாக உதிர்வு. அதன் மேல் எந்த ஏசிபி ஒட்டினாலும் பயனில்லை. உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாமல் போகும், அது இன்னும் மோசம்.

வெளிநீட்டு பால்கனியில் மேல்கம்பிதான் உயிர். ஆட்கள் மிதித்து அது கீழே இறங்கிவிடாமல் சேர் கம்பி (மேல்கம்பியைத் தாங்கும் நாற்காலி வடிவக் கம்பி) நெருக்கமாக வையுங்கள்.

பெருங்குடிவாசி:

மிக்க நன்றி. படிக்கட்டு விஷயம் எங்கள் யாருக்கும் தெரியாது. இன்னும் மூன்று பாக்கி: கண்ணாடிக் கைப்பிடியை விட மாட்டேன் என்கிறார்கள், ஏசி அவுட்டோர் யூனிட் எங்கே வைப்பது, தெற்குப் பக்கம் சன்ஷேடு இல்லாமல் ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி போதுமா?

அலுமினியம்பட்டறை:

கைப்பிடி. 2011 வாக்கில் டொரொண்டோவில் புதுக் கண்டோக்களின் பால்கனிக் கண்ணாடிகள் தானாக நொறுங்கித் தெருவில் விழுந்தன. டெம்பர்டு (சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து வலுவாக்கிய) கண்ணாடிக்குள் இருக்கும் நிக்கல் சல்பைடு துணுக்கு, கண்ணாடி பொருத்தி மாதங்கள், ஆண்டுகள் கழித்துக்கூட விரிந்து அதை உடைக்கும். உலோகம் உரசும் விளிம்பும் உடைக்கும். ஒன்டாரியோ 2012இல் விதியையே மாற்றி, தள விளிம்பில் வரும் கண்ணாடிக்கு லேமினேட்டட் (இரண்டு கண்ணாடியை நடுவில் படலம் வைத்து ஒட்டியது) கேட்டது. ஆகவே ஒற்றை டெம்பர்டு 12 மி.மீ. கொட்டேஷனை ஏற்க வேண்டாம். 6 + 1.52 + 6 மி.மீ. (கண்ணாடி, படலம், கண்ணாடி), ஹீட் ஸ்ட்ரெங்தண்டு லேமினேட்டட் கேளுங்கள். உடைந்தாலும் இடத்திலேயே நிற்கும். கடல் பக்கம் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒரு வருடத்தில் தேநீர்க் கறை பிடிக்கும், 316 வேண்டும். என் கருத்தைக் கேட்டால், கீழே 450 மி.மீ. சுவர், மேலே கம்பி என்பதே இந்த ஊருக்கு நல்லது. துணிக்கொடி, துடைப்பம், காலி சிலிண்டர் எல்லாம் கண்ணாடி வழியே தெருவுக்குத் தெரியும். டொரொண்டோவிலும் அதே காட்சிதான்.

முழுக் கண்ணாடி. அங்கே பெரும்பாலும் போடுவது இரண்டு தளத்துக்கு நடுவில் செருகும் ஜன்னல் சுவர். தளத்தின் விளிம்பு வெளியே தெரியும் என்பதால் அதன் மேல் ஒரு தகட்டுப் பட்டை; நீங்கள் படத்தில் பார்க்கும் சாம்பல் கோடு அதுதான். இரட்டைக் கண்ணாடியின் ஓர சீல் 20–25 வருடத்தில் தளர்ந்து உள்ளே நீராவி படிந்து மங்கும், பிறகு பலகை பலகையாக மாற்ற வேண்டும். சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். தோராய அழுத்தம் ச.மீ.க்கு 150 கிலோ, 1.5 × 2.7 மீட்டர் கண்ணாடி மேல் 600 கிலோ. சாதாரண ஸ்லைடிங் பிரேம் அதற்கு வளையும், ரப்பர் விலகும், வடகிழக்குப் பருவமழை உங்கள் கிழக்கு முகத்தில்தான் அறையும். கண்ணாடியை 900 மி.மீ. உயரத்துக்கு மேல் மட்டும் வையுங்கள். அடித் தண்டவாளத்தில் நீர் வெளியேறும் துளைகளைப் பூச்சு வேலையில் சிமெண்ட் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்; பாதி ஒழுகலுக்கு அதுவே காரணம்.

தெற்கு. ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி வேண்டாம், எதிர் வீட்டுக்குள் வெயிலை அனுப்பும். டிசம்பர் நண்பகலில் சென்னையில் சூரியன் சுமார் 53 பாகை உயரத்தில் இருக்கும். 2 அடி சன்ஷேடு 2 அடி 8 அங்குலத்துக்கு நிழல் தரும். 4 அடி ஜன்னலுக்கு அது போதும் போதாததுமாக இருக்கும். இரண்டரை அடி நல்லது. கிழக்கில் வெயில் தாழ்ந்து வருவதால் சன்ஷேடு உதவாது, நிற்கும் பட்டைகளோ ஜாலியோ வேண்டும். சாதா 6 மி.மீ. கண்ணாடி வெயில் சூட்டில் ஏறக்குறைய 80 சதவீதத்தை உள்ளே விடும்.

ஏசி. ஒவ்வொரு அறைக்கும் 1050 × 600 மி.மீ. மேடை, ஒரே செங்குத்துக் கோட்டில், சாலை முகத்தில் அல்ல. பின்புறம் 150 மி.மீ. இடைவெளி. முன்னால் லூவர் வைத்தால் நாலில் மூன்று பங்கு திறந்திருக்க வேண்டும். நெருக்கமாக வைத்தால் சூடான காற்று திரும்ப உள்ளேயே போய் யூனிட் அடிக்கடி நிற்கும். சொட்டு நீருக்குத் தனியாக 32 மி.மீ. குழாய் மேலிருந்து கீழ்வரை. மெக்கானிக் நிற்க இடமும், கொக்கி மாட்ட வளையமும் இப்போதே போடுங்கள்.

நீர்வடி:

ஒண்ணே ஒண்ணு சேர்த்துக்கறேன். கரிச்சாம்பல் வேண்டாம். நம்ம தூசி வெளிர் நிறம், அடர் நிறத்துல பளிச்சுனு தெரியும். சூடும் அதிகம் வாங்கும். சொரசொரப்பு அழகுதான், கம்பிகட்டி சொன்னது கான்கிரீட் பலகைக்குப் பொருந்தும். ஆனா ரோலர்ல போடுற டெக்ஸ்ச்சர் பெயின்ட் தூசியைப் பிடிச்சு வெச்சுப் பாசிக்கு மேடையாயிடும். ரெண்டு கோட் பூச்சு (12 + 8 மி.மீ.), தூணும் செங்கலும் சேர்ற இடத்துல கோழி வலை, 28 நாள் காயவிட்டு பிரைமர், அப்புறம் வழவழப்பான எமல்ஷன். வெளிய பட்டி வேண்டாம், பொருக்கு விட்டு உரியும்.

ஜன்னல் ஒண்ணு மட்டும் மாட்டினதும் நிறுத்திட்டு, சேர்ப்புகள்ல 5 அடி நீளத்துக்கு 5 நிமிஷம் வீதம் ஹோஸ்ல தண்ணி அடிங்க. உள்ள ஒரு ஆள் டார்ச்சோட நிக்கட்டும். அது காஞ்சு இருந்தாத்தான் மீதிக்கு அட்வான்ஸ்னு ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க. ஆர்க்கிடெக்ட்கிட்ட கேட்க வேண்டியது 1:5 அளவுல நாலு குறுக்குவெட்டு: ஜன்னல் அடிக்கல், சன்ஷேடு முனை, பால்கனி முனை, கைப்பிடிச் சுவர்த் தலை. 3டி படம் எத்தனை குடுத்தாலும் இந்த நாலும் வராம டெண்டர் விடாதீங்க.